ஆர்முடுகலில் ஒரு தயக்கம்: யாழ்ப்பாணக் குடாநாட்டு மோட்டார் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் ஒரு பொறி தான் தோன்றிய நாட்டை விட்டு வேறொரு மண்ணுக்கு வந்து சேர்ந்தபின், அங்குள்ள மக்கள் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டனர், அதன் குணம் எது குற்றம் எது என்று எவ்வாறு பிரித்தறிந்தனர் என்பனவும் வரலாற்றின் பாற்பட்டனவேயாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மோட்டார் வரலாற்றை இந்நோக்கில் ஆராயும்போது, சிறியதாகத் தோன்றும் ஒரு நிகழ்வு கவனத்தை ஈர்க்கின்றது. ஆர்முடுகலின்போது ஏற்படும் தயக்கமே அது. சாரதி மிதியை அழுத்துகிறார். எஞ்சினின் ஓசை உயர்கின்றது. வண்டியோ ஒரு கணம் தாமதித்தே முன்னே பாய்கின்றது. அந்த ஒரு கணம், எதிரே பாரவண்டி வந்துகொண்டிருக்க முன்செல்லும் பேருந்தைக் கடக்க முயலும் சாரதிக்கு மிக நீண்டது.

இத்தயக்கம் குடாநாட்டு மக்களுக்கு இருவேறு காலங்களில் இருவேறு காரணங்களால் அறிமுகமாயிற்று. 1990களில் பெற்றோலின் இடத்தை மண்ணெண்ணெய் பிடித்தபோது அது எரிபொருளால் வந்தது. 2009 ஆம் ஆண்டின் பின்னர் யப்பானியக் கார்கள் பெருகியபோது அது செலுத்துகைத் தொகுதியால் வந்தது. குறி ஒன்று, காரணம் இரண்டு. முதலாவது தயக்கத்தை விளங்கிக்கொண்டதுபோல் இரண்டாவது தயக்கம் விளங்கிக்கொள்ளப்பட்டதா என்பதே இங்கு ஆராயற்பாலது.

மண்ணெண்ணெய்க் காலம்

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் இலங்கைக்கு இறக்குமதியான பிரித்தானியக் கார்களுள் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் ஆகியன யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் நிலைத்தன. 1947 இல் வெளிவந்த ஏ 40 டெவன், 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 40 பரிவலுவும் நான்கு முன்கியர்களும் உடையது. அதனை அடுத்து 1952 இல் சோமர்செட் வந்தது. தாம் தயாரிக்கப்பட்ட நாட்டில் அருங்காட்சிப் பொருள்களாகிவிட்ட பின்னரும் இவ்வண்டிகள் குடாநாட்டில் வாடகைக் கார்களாகவும் வீட்டுக் கார்களாகவும் ஓடின. மிதிக்கும் காபுரேற்றருக்கும் இடையே இருந்தது ஒரு கோலும் சில இணைப்புகளுமே. எப்போது எந்தக் கியரைப் போடுவது என்பதைச் சாரதியின் காதும் கையுமே தீர்மானித்தன.

அவ்வண்டிகளிலும் தயக்கம் இல்லாமலில்லை. மிதியைச் சடுதியாக அழுத்தும்போது காற்று விரைந்து உட்புகுகின்றது. காற்றைவிடப் பாரமான பெற்றோல் துளிகள் பின்தங்குகின்றன. கலவை ஒரு கணம் ஐதாகி எஞ்சின் தடுமாறுகின்றது. இதற்குப் பரிகாரமாகவே சில காபுரேற்றர்களில் மேலதிக பெற்றோலைப் பீச்சும் சிறு பம்பு அமைக்கப்பட்டது. எஸ்.யூ. வகைக் காபுரேற்றரில் உந்தின் மேற்குழாயில் சிறிதளவு எண்ணெய் இடப்பட்டமையும் இதன் பொருட்டே. உந்து மிக விரைவாக மேலெழுவதை அவ்வெண்ணெய் தடுத்தது. அதனால் கலவை உரிய செறிவில் நின்றது. ஆதலின் ஆர்முடுகல் தயக்கம் என்பது புதுக்கார்களுடன் வந்த புது நோயன்று. மோட்டார் வண்டியுடன் உடன்பிறந்தது அது.

1990 ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டதன் பின்னர், பெற்றோல், டீசல், மின்கலம் முதலிய பல பொருள்கள் குடாநாட்டுக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. மட்டுப்பட்ட அளவில் கிடைத்த மண்ணெண்ணெயே வாகனங்களையும் ஓட்ட வேண்டியதாயிற்று. இங்கு முன்னைய அனுபவம் ஒன்று கைகொடுத்தது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் துலாவின் இடத்தைப் பிடித்த நீரிறைக்கும் இயந்திரங்கள் பலவும் பெற்றோலிற் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. தோட்டக்காரருக்குப் பழக்கமான அம்முறையே காருக்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் மாற்றப்பட்டது. சிறு போத்தலிற் பேணப்பட்ட சில துளி பெற்றோல் எஞ்சினைக் கிளப்பும். சூடேறியபின் மண்ணெண்ணெய் அதனை ஓட்டும்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. எஞ்சின் போதிய சூட்டில் இல்லாதபோது அது துளிகளாகவே உட்சென்று முழுமையாக எரியாமற் புகையாகின்றது. எரியாத பகுதி கீழிறங்கி மசகெண்ணெயை ஐதாக்குகின்றது; செருகியிற் கரி படிகின்றது. சடுதியாக மிதியை அழுத்தினால் எஞ்சின் இருமி நின்றுவிடும். ஆகவே சாரதிகள் மிதியை மெல்ல மெல்ல அழுத்தப் பழகினர். குறைந்த அமுக்கவிகிதம் கொண்ட பழைய பிரித்தானிய எஞ்சின்களே இத்தாழ்ந்த எரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. பழமை அங்கு குறையாக அன்றிப் பலமாக அமைந்தது.

இக்காலத்திற் கராஜ்களில் உருவான அறிவு சிறப்பாக நோக்கத்தக்கது. மாற்றுப் பாகங்கள் அரிதாக இருந்தமையால், சந்தேகப்பட்டதையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டுப் பார்க்கும் வழி இருக்கவில்லை. எனவே காரணத்தை முதலில் அறிதல் தவிர்க்க முடியாததாயிற்று. சூடேறுமுன் தயங்கினால் அது எரிபொருளின் இயல்பு. சூடேறிய பின்னும் தயங்கினால் செருகியையோ காபுரேற்றரையோ பார்க்க வேண்டும். இயல்புக்கும் பழுதுக்கும் இடையே கோடு கீறும் இவ்வாற்றல் நூல்வழி வந்ததன்று, இல்லாமை கற்பித்தது. நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வண்டி இடைவழியில் நின்றால் விளைவு யாது என்பதை அறிந்தவர்களின் அறிவு அது.

தொடர்மாறு செலுத்தியின் வரலாறு

குடாநாடு மண்ணெண்ணெயோடு போராடிய அதே காலத்தில், உலகின் பிற பகுதிகளில் கியர்ப்பெட்டியின் வடிவமே மாறிக்கொண்டிருந்தது. அம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள, கியரின் தேவையை முதலில் நோக்குதல் வேண்டும். சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதிப்பவர் சற்றே எழுந்து நின்று தம் முழுப்பாரத்தையும் மிதியில் இறக்குகிறார். ஒரே விகிதமுள்ள சைக்கிளில் அவர் செய்யக்கூடியது அவ்வளவே. எஞ்சினுக்கு எழுந்து நிற்க இயலாது. அது தன் வலுவைப் பெருக்க வேண்டுமாயின் விரைவாகச் சுழல வேண்டும். அவ்வாறு சுழல்வதற்குச் சில்லுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள விகிதம் மாற வேண்டும். சாதாரண கியர்ப்பெட்டி இவ்விகிதத்தைப் படிகளாக மாற்றுகின்றது. படிகளுக்குப் பதிலாகச் சாய்தளம் ஒன்றை அமைத்தாற்போல் விகிதத்தை இடையறாது மாற்றுவதே தொடர்மாறு செலுத்தி. மக்கள் வழக்கில் இது சீ.வீ.ரீ. கியர் எனப்படும்.

இதன் அமைப்பு எண்ணத்தில் எளியது. கூம்பு வடிவான இரு தட்டுகள் எதிரெதிரே பொருந்தி ஒரு கப்பியாகின்றன. அத்தகைய இரு கப்பிகளை ஒரு பட்டி இணைக்கின்றது. தட்டுகள் நெருங்கினால் பட்டி கப்பியின் வெளிவிளிம்பை நோக்கி ஏறும். விலகினால் உள்நோக்கி இறங்கும். ஒரு கப்பியில் ஏறும்போது மற்றையதில் இறங்குவதால் விகிதம் மாறுகின்றது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான மில்ற்றன் றீவ்ஸ் மர ஆலைகளின் வேகத்தை மாற்றுவதற்கு இத்தத்துவத்தைக் கையாண்டு, பின்னர் அதனை மோட்டார் வண்டியிலும் பொருத்தினார்.

இதனைப் பெருந்தொகை உற்பத்திக்குக் கொண்டுவந்தவர் ஒல்லாந்தரான ஹப் வான் டோர்ண். அவரது டாவ் நிறுவனம் 1958 இல் அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் டாவ் 600 என்னும் சிறு காரை அறிமுகப்படுத்தியது. வேரியோமற்றிக் எனப்பட்ட அதன் செலுத்தியில் இறப்பர்ப் பட்டிகள் பயன்பட்டன. இறப்பர் பெருவலுவைத் தாங்காது. ஆதலால் அது சிறு எஞ்சின்களுடனேயே நின்றது. 1987 இல் சுபாறு ஜஸ்ரி முதலிய கார்களில் உருக்குப் பட்டி வந்தபோதே இத்தடை நீங்கியது. நூற்றுக்கணக்கான மெல்லிய உருக்குத் துண்டுகள் உருக்கு வளையங்களில் நெருக்கமாகக் கோக்கப்பட்ட அப்பட்டி, இழுப்பதனால் அன்றி ஒன்றையொன்று தள்ளுவதனால் வலுவைக் கடத்துகின்றது. அடுத்த இரு தசாப்தங்களில் யப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் இதுவே வழக்கமாயிற்று.

குடாநாட்டுக்கு வந்த வழி

கண்டி வீதி என வழங்கும் ஏ 9 நெடுஞ்சாலை 2002 இற் போர்நிறுத்தத்தை அடுத்துத் திறந்து, 2006 ஓகஸ்ரில் மீண்டும் மூடி, போர் முடிந்த 2009 இன் பின்னரே நிலையாகத் திறந்தது. அவ்வழியே வந்த மாற்றங்களுள் தொடர்மாறு செலுத்தியும் ஒன்று. ஆயினும் குடாநாட்டில் அது பரந்த பழக்கத்துக்கு வந்தது கார்களால் மாத்திரமன்று. டீ.வி.எஸ். ஸ்கூட்டி பெப் போன்ற கியரற்ற ஸ்கூட்டர்களும் அதனை ஒழுங்கைதோறும் கொண்டுசென்றன. ஆசிரியைகள், மாணவியர், தாதியர் எனப் பலரும் ஏறிச்செல்லும் அச்சிறு வண்டியின் பக்கப்பெட்டிக்குள் இருப்பது டாவ் 600 இன் தத்துவமேயாகும். சுழற்சியின் விசையால் வெளித்தள்ளப்படும் உருளைகள் முன்கப்பியை நெருக்க, இறப்பர்ப் பட்டி ஏறி இறங்குகின்றது. உருளைகள் ஒருபுறம் தேய்ந்து தட்டையாகினாலும், பட்டி தேய்ந்து ஒடுங்கினாலும் ஸ்கூட்டர் தயங்கும். இது உண்மையான பழுது. பாகத்தை மாற்றினால் நீங்குவது.

கார்களின் நிலை வேறு. 2010 இன் பின்னர் இறக்குமதியான கார்கள் பல வெளித்தோற்றத்தில் ஓட்டோ கியர் என்ற ஒரே பெயரைத் தாங்கியபோதிலும் உள்ளே வேறுபட்டன. சுசுக்கி வகன் ஆர் காரிலும் ரொயோட்டா விற்ஸ் காரிலும் உள்ளது உருக்குப் பட்டி. ரொயோட்டா அக்குவாவிற் பட்டியே இல்லை; 1997 இல் வந்த பிறியஸ் காரைப் பின்பற்றி, கோட்பற்சில்லுத் தொகுதியும் இரு மின்னியந்திரங்களும் சேர்ந்து விகிதத்தை மாற்றுகின்றன. ஹொண்டா பிற் கலப்பின வண்டியின் 2010 ஆம் ஆண்டு வடிவத்திற் பட்டி உண்டு. 2013 இல் வந்த அடுத்த வடிவத்திலோ இரட்டைக் கிளச்சும் ஏழு கியர்ப் படிகளும் உண்டு. ஒரே பெயர் கொண்ட காரின் இரு வடிவங்களே இவ்வாறு வேறுபடும்போது, ஒன்றிற் கண்ட தயக்கத்துக்குரிய விளக்கம் மற்றையதற்குப் பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறாகும்.

தயக்கத்தின் காரணம்

உருக்குப் பட்டிக் காரில் தயக்கம் ஏன் எழுகின்றது? குடாநாட்டின் நிலம் மலையற்றது. அத்தகைய சமதரையில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சீராகச் செல்லும் காருக்குச் சிறிதளவு வலுவே போதும். எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு, கட்டுப்பாட்டுக் கணினி எஞ்சினை இயன்றவரை மெதுவாகச் சுழலவிடுகின்றது. அது நிமிடத்துக்கு 1,400 சுற்றுகள் எனக் கொள்வோம். சாரதி மிதியை முழுமையாக அழுத்துகிறார். அவர் வேண்டும் வலுவை அளிக்க எஞ்சின் 4,000 சுற்றுகளை எட்ட வேண்டும். சுழலும் பொருளின் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகையால், எஞ்சினின் சுழலும் பாகங்களில் முன்பிருந்ததைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி சேர்தல் வேண்டும். அச்சக்தியும் அதே எஞ்சினிலிருந்தே வர வேண்டும். சில்லுக்குச் செல்ல வேண்டிய வலுவின் ஒரு பகுதியை எஞ்சின் தன் சடத்துவத்தை வெல்லவே செலவிடுகின்றது. வீட்டுக்கு வந்த வருமானம் கடனுக்கே போவதுபோல, அந்த ஒரு கணத்தில் ஓசை முந்துகின்றது, வேகம் பிந்துகின்றது.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. விகிதத்தை மெதுவாக மாற்றினால் வண்டி சோம்பலாகத் தோன்றும். மிக விரைவாக மாற்றினால் சடத்துவத்துக்குச் செல்லும் வலு மேலும் பெருகி, சில்லின் முறுக்கம் தொடக்கத்தில் உயராது தாழவும் கூடும். வடிவமைப்பாளர் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நடுவழியைத் தெரிந்தெடுக்கின்றனர். இதனுடன், கப்பித் தட்டுகளை நெருக்குவதற்கு வேண்டிய எண்ணெய் அமுக்கத்தையும் எஞ்சினாற் சுழலும் பம்பே பொதுவாக அளிக்க வேண்டியுள்ளது. சடுதியாக நிறுத்தும்போதும் இதனையொத்த இடர் எழும். வீதியிற் குறுக்கிடும் மாட்டுக்காகத் தடுப்பை இறுக அழுத்தும்போது, பட்டி தன் தாழ்நிலைக்கு முற்றாகத் திரும்புமுன்னரே வண்டி நின்றுவிடலாம்; அடுத்த புறப்பாடு அதனாற் பாரமாக உணரப்படும். இவ்வாறான குறைகளைத் தணிக்கவே 2018 இல் ரொயோட்டா நிறுவனம், புறப்படும் கட்டத்துக்கெனத் தனிப் பற்சில்லைச் சேர்த்த புதிய செலுத்தியை வெளியிட்டது.

ஆயினும் இத்தத்துவமே மந்தமானது எனக் கூறுதல் பொருந்தாது. 1993 இல் வில்லியம்ஸ் நிறுவனம் தன் போர்முலா 1 பந்தயக் காரிற் தொடர்மாறு செலுத்தியைப் பொருத்திப் பரீட்சித்தது. 1994 ஆம் ஆண்டுக்கான விதிகள் அதனைத் தடைசெய்தன. பந்தயக் காரில் எஞ்சின் எப்போதும் உச்ச வலுவுக்கு அண்மையிலேயே சுழல்வதால், அதனை விழிப்பிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. சிறு காரின் தயக்கமோ சிக்கனத்துக்காகச் செலுத்தப்படும் விலை. 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று, பின்னர் கியூ.ஆர். அட்டைக்கு அளந்து பெற்ற மக்களுக்கு அச்சிக்கனத்தின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இயல்பும் பழுதும்

எனவே தயக்கம் முழுவதும் இயல்பு என விட்டுவிடலாமா? அதுவும் ஆபத்தானது. பட்டிக்கும் கப்பிக்கும் இடையிலுள்ள பிடிப்பு, உரிய எண்ணெயிலும் அதன் அமுக்கத்திலும் தங்கியுள்ளது. எண்ணெய் பழுதடைந்தாலோ, சாதாரண ஓட்டோ கியர் எண்ணெய் தவறாக ஊற்றப்பட்டாலோ பட்டி வழுக்கும். வழுக்கிய இடத்தில் உருக்கு கீறப்படும். இறக்குமதியாகும் பாவித்த காரின் கியர் எண்ணெய் முன்னர் எப்போது மாற்றப்பட்டது என்பது பெரும்பாலும் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், முன்பே வந்த கார்கள் எதிர்பார்த்ததைவிட நீண்டகாலம் உழைக்க வேண்டியதாயிற்று. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்போ, புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய பணமோ அக்காரில் முடங்கிக் கிடக்கின்றது.

வேறுபாட்டை அறியும் வழி அரிதன்று. ஒரே சூழ்நிலையில் எப்போதும் ஒரே அளவில் எழுந்து, எஞ்சின் வேகம் பெற்றவுடன் மறையும் தயக்கம் இயல்பானது. வண்டி சூடேற ஏற வளர்வது, நடுக்கத்துடன் வருவது, சுற்றுவேகம் உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராதது, எச்சரிக்கை விளக்கை எரியச்செய்வது ஆகியன பழுதின் குறிகள். காற்று வடிகட்டி அடைபட்டமை, செருகி தேய்ந்தமை போன்ற எஞ்சினின் குறைகளும் கியரின் குறைபோல் தோன்றக்கூடும். இவற்றை முதலிற் பார்த்தல் செலவைக் குறைக்கும். இயல்பான தயக்கத்துக்கு மருந்து சாரதியிடமே உள்ளது. பேருந்தைக் கடக்க எண்ணுபவர், வெளியே திரும்பியபின் மிதியை அழுத்தாது, சற்று முன்னரே மெல்ல அழுத்தியோ, தாழ்ந்த விகிதத்துக்குரிய நிலையைத் தெரிந்தோ எஞ்சினை விழிப்பித்துக்கொள்ள வேண்டும். வழி போதுமா என்ற கணக்கில் அந்த ஒரு கணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மண்ணெண்ணெய்க் காலத்துச் சாரதி மிதியை மெல்ல அழுத்தியது எரிபொருள் ஆவியாவதற்கு அவகாசம் கொடுப்பதற்காக. இக்காலத்துச் சாரதி அவ்வாறு செய்ய வேண்டியிருப்பது விகிதம் மாறுவதற்கு அவகாசம் கொடுப்பதற்காக. காலின் பழக்கம் ஒன்றாயினும் காரணம் ஒன்றன்று. முன்னையதன் காரணத்தை மூக்கும் காதும் அறிந்தன. பின்னையதன் காரணம் மூடிய பெட்டிக்குள்ளும் கணினியின் கட்டளைகளுக்குள்ளும் மறைந்துள்ளது; அதனை வாசிக்கக் கருவி வேண்டும். பழைய கராஜ் அறிவின் உள்ளடக்கம் இதனாற் பழமைப்பட்டுவிட்டது உண்மையே. அதன் முறை பழமைப்படவில்லை. பாகத்தை மாற்றுமுன் காரணத்தைத் தேடுதல், இயல்பைப் பழுதெனவும் பழுதை இயல்பெனவும் மயங்காதிருத்தல் ஆகிய இரண்டும், பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலேயே அதிகம் வேண்டப்படுவன. ஏனெனில் இல்லாமை முன்பு கட்டாயப்படுத்திய சிந்தனையை இப்போது எவரும் கட்டாயப்படுத்துவதில்லை.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறையும் அதனை ஓடச்செய்த கைவினைஞரும் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களது அறிவிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை. பொறியியல் பயில்வோர் அதன் தத்துவத்தையும், வரலாறு பயில்வோர் அதன் சூழலையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவுசெய்தல் இன்றைய கடமையாகும். அவ்வாறு செய்யப்படின், புதிய பொறி ஒன்று தயங்கும்போது அதன்முன் தயங்கி நிற்காத ஒரு மரபு இம்மண்ணில் முன்பே இருந்தது என்பதை அடுத்த தலைமுறை அறிந்துகொள்ளும்.